புழு கிடந்ததாகச் சொன்னவள்

1

எங்கள் ஊர்ப் பள்ளி வாரியக் கூட்டத்தில் பொதுமக்கள் பேசுவதற்கு ஆளுக்கு மூன்று நிமிடம் தருவார்கள். மேசைமேல் ஒரு சின்ன விளக்கு இருக்கும். பேசத் தொடங்கினால் பச்சை. அரை நிமிடம் மிச்சம் இருக்கையில் மஞ்சள். அப்புறம் சிவப்பு. போன ஆண்டு பிப்ரவரியில் அந்த விளக்குக்கு முன்னால் நின்று நான் பேசினேன். சிவப்பு வருவதற்குள் முடித்துவிட்டேன். நன்றாகப் பேசினாய் என்று எல்லோரும் சொன்னார்கள்.

'எங்கள் ஊர்' என்று எழுதிவிட்டேன். இது அமெரிக்காவின் தென் மாநிலம் ஒன்றில் இருக்கிற நடுத்தரமான நகரம். இங்கே வந்து பத்தொன்பது வருஷம் ஆகிறது. மருத்துவமனை ஆய்வகத்தில் வேலை. திருநெல்வேலிப் பக்கம் முக்கூடலுக்கு மேற்கே ஆற்றங்கரையில் இருக்கிற என் சொந்த ஊரில் நான் இருந்தது பதினேழு வருஷம்தான். ஆனாலும் பேச்சில் 'ஊர்' என்று வந்தால், எந்த ஊர் என்று என் மகள் மாயா இன்னும் கேட்கிறாள்.

இங்கே அரசுப் பள்ளியில் விரும்பிய இடத்தில் பிள்ளையைச் சேர்த்துவிட முடியாது. வீடு எந்த எல்லைக்குள் இருக்கிறதோ அந்தப் பள்ளிதான். அதனால் எல்லைக்கோடு எந்தத் தெரு வழியாகப் போகிறது என்று பார்த்துத்தான் வீடு வாங்குவார்கள். நாங்களும் அப்படித்தான் வாங்கினோம். நகரத்தின் நடுவில் ரயில் பாதை. அதற்கு வடக்கே நாங்கள். வெள்ளைக்காரர்களும், எங்களைப் போல் வந்து சேர்ந்தவர்களும். தெற்கே கறுப்பின மக்கள். இரண்டு பக்கமும் ஒவ்வொரு பள்ளி. ஒரு காலத்தில் சட்டமே பிள்ளைகளை நிறம் பார்த்துப் பிரித்து வைத்திருந்தது. அதை எதிர்த்து வழக்குப் போட்டு, தெருவில் இறங்கி, அடிபட்டு, அந்தச் சட்டத்தை ஒழித்தார்கள். சட்டம் போய்விட்டது. கோடு அங்கேயே இருக்கிறது.

இரண்டு பள்ளிகளையும் ஒன்றாக்கலாம் என்று அவற்றை நடத்துகிற வாரியம் யோசித்தது. சின்ன வகுப்புகள் எல்லாம் வடக்கே, பெரிய வகுப்புகள் எல்லாம் தெற்கே. எல்லாப் பிள்ளைகளும் சேர்ந்து படிக்கும். கடிதம் வந்த அன்றே எங்கள் பக்கம் கொதித்துப் போனது. கையெழுத்து வாங்கினார்கள், நான் போட்டேன். இரண்டு வீடு தள்ளி இருக்கிற வெள்ளைக்காரப் பெண்மணி ஒரு மாலை கதவைத் தட்டினார். "நீங்கள் பேசினால் நன்றாக இருக்கும் கோமதி. நாங்கள் பேசினால் வேறு மாதிரி எடுத்துக்கொள்வார்கள்" என்றார். அவர் என்ன கேட்கிறார் என்பது எனக்குப் புரியாமல் இல்லை. புரிந்தும், பெருமையாகத்தான் இருந்தது. வந்தவளை மதித்துக் கேட்கிறார்களே என்று.

எழுதிவைத்துப் படித்தேன். பேருந்தில் போகிற நேரம், பிள்ளைகளின் தூக்கம், ரயில்வே கேட்டில் காத்துக் கிடப்பது. ஓரிடத்தில் 'அவர்கள் பிள்ளைகள்' என்று எழுதியிருந்ததை என் கணவர் அடித்துவிட்டு 'மற்றப் பிள்ளைகள்' என்று போட்டுக் கொடுத்தார். நிறத்தைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. வாக்கெடுப்பு நடந்தது. திட்டத்தைக் கைவிட்டார்கள். மறுநாள் நான் கேசரி கிண்டிப் பக்கத்து வீடுகளுக்குக் கொடுத்தேன்.

2

டோரீனும் நானும் பதினோரு வருஷமாக ஒரே மேசையில் மதியச் சாப்பாடு சாப்பிடுகிறவர்கள். நோயாளிகளுக்கு ஊசி குத்தி ரத்தம் எடுக்கும் வேலை அவளுக்கு. கறுப்பினப் பெண், ஓய்வு பெறும் வயது. நான் ஆய்வகத்தில் சேர்ந்த புதிதில் எனக்கும் அந்த வேலைதான்; ஊசியைக் குத்துமுன் 'லேசாக வலி வரும்' என்பதை நம் ஊர்ப் பேச்சை அப்படியே ஆங்கிலத்தில் போட்டுச் சொல்வேன். நோயாளிகள் விழிப்பார்கள். 'ஒரு கிள்ளு, அவ்வளவுதான்' என்று சொல்லச் சொல்லிக் கொடுத்தது அவள்தான். என் எலுமிச்சை ஊறுகாயைத் தயிரில்லாமல் வெறுமனே தின்பாள். அவளுக்கு என் வீட்டுக் கதை எல்லாம் தெரியும். அவள் சின்ன வயதில் எங்கே படித்தாள் என்று நான் ஒரு நாள்கூடக் கேட்டதில்லை.

இந்த ஆண்டு தொடக்கத்தில் மாயாவுக்கு வரலாற்றுப் பாடத்தில் ஒரு வேலை கொடுத்தார்கள். பள்ளிகளில் நிறப் பிரிவினை ஒழிந்த காலத்தில் மாணவராக இருந்த ஒருவரைப் பார்த்துப் பேசி எழுத வேண்டும். டோரீனைக் கேட்டேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், வீட்டில் சுட்ட கேக்கோடு வந்தாள். மாயா கைப்பேசியை மேசையில் வைத்துப் பதிவு செய்தாள். நான் அடுப்படியில் காபி போட்டுக்கொண்டே கேட்டேன்.

டோரீனுக்கு அப்போது எட்டு வயது. விருப்பமுள்ளவர்கள் எந்தப் பள்ளியிலும் சேர்க்கலாம் என்று பெற்றோருக்கு ஒரு படிவம் வந்தது. வெள்ளைக்காரர் பள்ளியை எழுதி அவளுடைய அப்பா கையெழுத்துப் போட்டார். மரம் அறுக்கும் ஆலையில் அவருக்கு வேலை. "எங்கள் பள்ளிக்கு வரும் புத்தகமெல்லாம் அவர்கள் படித்துக் கிழித்தது. உள் அட்டையில் அவர்கள் பெயரே இருக்கும். புதுப் புத்தகம் எப்படி இருக்கும் என்று என் மகளும் பார்க்கட்டும், அப்பா அதுதான் சொன்னார்." ஒரே மாதத்தில் ஆலையிலிருந்து அவரை நிறுத்திவிட்டார்கள். வகுப்பில் டோரீனுக்குக் கடைசியில், கோட்டு மாட்டும் கொக்கிகளுக்குக் கீழே இடம். சாப்பாட்டுக் கூடத்தில் அவள் உட்கார்ந்தால் அந்த மேசையில் இருக்கிற பிள்ளைகள் தட்டைத் தூக்கிக்கொண்டு எழுந்துவிடும். "எட்டுப் பேர் உட்காரும் மேசை. வருஷம் முழுக்க எனக்கு மட்டும்" என்று சிரித்தாள்.

பிறகு நீதிமன்றம் எல்லோரையும் சேர்க்கச் சொல்லி உத்தரவு போட்டது. வெள்ளைக்காரர்கள் ஒரு தேவாலயத்தின் அடித்தளத்தில் தனியார் பள்ளி தொடங்கினார்கள். வருஷா வருஷம் பிள்ளைகள் கழன்றுகொண்டே இருந்தன. "நான் படித்து முடிக்கையில் பாதி அறைகள் பூட்டிக் கிடந்தன. நாங்கள் உள்ளே போனோம், அவர்கள் வெளியே போய்விட்டார்கள். சேர்ந்து படித்தது எத்தனை நாள் என்று கேட்டால் எனக்கே தெரியாது."

"இப்போதும் கோபம் இருக்கிறதா?" என்று மாயா கேட்டாள்.

டோரீன் கேக்குத் தட்டைத் தள்ளி வைத்தாள். "என் பேரன் தெற்குப் பள்ளியில் படிக்கிறான். போன வருஷம் வாரியக் கூட்டத்துக்குப் போயிருந்தேன். பேசுவதற்குப் பெயரும் கொடுத்திருந்தேன். கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தேன். அப்புறம் பேசாமலே எழுந்து வந்துவிட்டேன்."

"ஏன்?"

அவள் என் பக்கம் திரும்பினாள். குரலில் கோபம் இல்லை. ஆய்வகத்தில் பேசுகிற அதே குரல். "நீ சொன்னது எதுவும் எனக்குப் புதிதில்லை, கோமதி. எட்டு வயதில் கேட்டதுதான். உச்சரிப்பு மட்டும்தான் புதிது."

காபியை எப்படி மேசைக்குக் கொண்டுவந்தேன் என்று நினைவில்லை. அந்தக் கூட்டத்துக்கு மறுநாளும் அவள் என்னோடு உட்கார்ந்துதான் சாப்பிட்டாள். ஊறுகாய் இருக்கிறதா என்று கேட்டது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

அவள் போன பிறகு மாயா கேட்டாள்: "அம்மா, உன் ஸ்கூல்ல இந்த மாதிரி இருந்துதா?" அவளுடைய தமிழ் இப்போதெல்லாம் என்னிடம் ஏதாவது கேட்பதற்கு மட்டும்தான், பதில் சொல்வதெல்லாம் ஆங்கிலத்தில்.

"இல்லை" என்றேன்.

3

இருந்தது. ஊர்க்காரர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஆனாலும் நான் சொன்னதில்லை என்பதால் சொல்கிறேன்.

எங்கள் ஊரில் வாய்க்காலுக்கு இந்தப் பக்கம் எங்கள் தெருக்கள், அந்தப் பக்கம் காலனி. நடுவில் அரசுத் தொடக்கப் பள்ளி. எல்லாப் பிள்ளைகளும் அங்கேதான் படித்தோம். ஐந்தாம் வகுப்பில் என் பக்கத்தில் உட்கார்ந்தவள் பேச்சியம்மாள். காலனிப் பிள்ளை. நான் கணக்கில் முதல், அவள் மற்ற எல்லாவற்றிலும் முதல். அவளுக்கு என்னைவிட எழுத்து அழகு.

அந்த வருஷம் சத்துணவுக் கூடத்துக்குப் புதுச் சமையலராகப் பேச்சியின் அம்மா இசக்கியம்மாளைப் போட்டார்கள். காலனியிலிருந்து ஒருவர் அந்த வேலைக்கு வந்தது அதுதான் முதல் தடவை. மூன்று நாள் எல்லோரும் சாப்பிட்டோம். கத்தரிக்காய் போட்ட சாம்பார் நன்றாக இருந்தது. இரண்டாவது தடவையும் வாங்கினேன். நாலாவது நாள் எங்கள் தெருப் பிள்ளைகள் எல்லோர் கையிலும் தூக்குவாளி இருந்தது. சத்துணவுக் கூடத்தில் காலனிப் பிள்ளைகள் மட்டும். நாங்கள் வேப்பமரத்தடியில். அப்புறம் ஒரு வாரம் எங்கள் தெருவிலிருந்து யாருமே பள்ளிக்குப் போகவில்லை.

என் அப்பா முக்கூடல் பக்கம் ஓர் உயர்நிலைப் பள்ளியில் கணக்கு ஆசிரியர். ஊரில் வாத்தியார் என்றாலே அவர்தான். ஏழைப் பிள்ளைகளுக்குச் சும்மா பாடம் சொல்லிக் கொடுத்தவர். அதில் பொய் இல்லை. சாதி சொல்லிச் சமையலரை மாற்றக் கேட்டால் வழக்காகிவிடும் என்பதும் அவருக்குத் தெரியும். விசாரணைக்கு அதிகாரி வருகிறார் என்று தெரிந்த காலையில் என்னைக் கூப்பிட்டு முன்னால் நிறுத்தினார்.

"யாரும் கேட்டா, சோத்துல புழு கெடந்துச்சுன்னு சொல்லணும். வேற ஒண்ணும் பேசப்படாது. என்ன?"

"புழு கெடக்கலையேப்பா."

"கேட்டதுக்குப் பதில் சொல்லு. என்ன சொல்லுவ?"

"புழு கெடந்துச்சு."

அதிகாரி ஒரு பெண். ஜீப்பில் வந்தார். எல்லாப் பிள்ளைகளையும் கூடத்தில் வரிசையாக உட்கார வைத்திருந்தார்கள். "யாராவது ஒரு பிள்ளை எழுந்து சொல்லுங்க" என்றார். தலைமை ஆசிரியர் என்னைக் காட்டி, "வாத்தியார் மகள். பொய் சொல்லாது" என்றார். எழுந்தேன். அந்த அம்மாள் என்னிடம் குனிந்து, "பயப்படாமச் சொல்லு பாப்பா" என்றார். சொன்னேன். என்றைக்கு, எத்தனை என்று கேட்டார். அப்பா அதைச் சொல்லித் தரவில்லை. "நெறைய" என்றேன். அது நானே சேர்த்தது.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த பேச்சியை நான் திரும்பிப் பார்க்கவில்லை.

இசக்கியம்மாளை இரண்டு பேருந்து மாறிப் போகிற ஒரு பள்ளிக்கு மாற்றினார்கள். சுத்தமில்லாமல் சமைத்ததாகக் காரணம் எழுதினார்கள். விடியுமுன் போய்ப் பொழுது சாய்ந்து வருகிற அம்மாவுக்குப் பதிலாகத் தம்பி தங்கைகளைப் பார்த்துக்கொள்ள, எட்டாவதோடு பேச்சி படிப்பை நிறுத்தினாள். நான் திருநெல்வேலியில் விடுதியில் தங்கிக் கல்லூரி படித்தேன். விடுமுறைக்கு வருகையில் வாய்க்கால் பாலத்தில் அவளை இரண்டு மூன்று தடவை பார்த்திருக்கிறேன். அவள் ஒதுங்கி வழி விட்டாள். நானும் போய்விட்டேன்.

4

அப்பா இறந்து ஓராண்டு ஆனதற்கு இந்த ஜூனில் ஊருக்குப் போனேன். மாயா வரவில்லை. கோடை விடுமுறையில் வேலை கிடைத்திருக்கிறது என்றாள். தாத்தாவுக்கான சடங்கு என்றேன். "எனக்கு அவரை அவ்வளவாகத் தெரியாது அம்மா" என்றாள். அதுவும் உண்மைதான். சென்னை விமான நிலையத்தில் என் அமெரிக்கக் கடவுச்சீட்டைப் புரட்டிய அதிகாரி, "எந்த ஊருக்குப் போறீங்க?" என்று கேட்டார். மாயா கேட்கிற மாதிரியே இருந்தது.

நினைவுநாளுக்கு இரண்டு நாள் இருந்தது. அண்ணன் வீட்டில் பந்தல் போட்டுக்கொண்டிருந்தார்கள். மதியம் சும்மா நடந்துவிட்டு வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் பள்ளிக்கூடத்துக்குப் போனேன். புதுக் கட்டடம், புதுப் பெயின்ட். சத்துணவுக் கூடத்தில் பதினேழு பிள்ளைகள் தட்டோடு உட்கார்ந்திருந்தார்கள். சோறு போட்டுக்கொண்டிருந்தவள் நிமிர்ந்தாள். முன்தலை நரைத்திருந்தது. பேச்சி அங்கே சமையலராக இருக்கிறாள் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

"யாரு வேணும்?"

"பேச்சி, நான் கோமதி."

கரண்டியைக் கீழே வைக்காமல் பார்த்தாள். "வாத்தியாரு வீட்டுக் கோமதியா? அமெரிக்காவுல இருக்கியன்னு கேள்விப்பட்டேன். வாங்க."

'வாங்க' என்றது சுருக்கென்று தைத்தது. முன்பெல்லாம் 'ஏட்டி கோமதி' என்றுதான் கூப்பிடுவாள்.

பிள்ளைகளுக்கு முட்டை வைத்து முடிக்கும்வரை நின்றேன். பிறகு கேட்டேன்: "நீ இங்கன சமைக்குததுக்கு இப்ப யாரும் ஒண்ணும் சொல்லுததில்லையா?"

"யாரு சொல்லுவா? சொல்லுதவுக பிள்ளைய எல்லாம் காலையில வேன்ல ஏறி இங்கிலீஷ் ஸ்கூலுக்குப் போயிருது. இங்கன இருக்கது பூரா எங்க பிள்ளையதான். பள்ளிக்கூடத்தையே எங்களுக்கு விட்டுட்டாவ." பாத்திரத்தை இழுத்து ஓரமாக வைத்தாள். "இப்ப பிள்ளைய கொறவுன்னு பூட்டப் போறாவளாம்."

டோரீனின் பூட்டிய அறைகள் என் கண்முன் வந்தன. கடலுக்கு அந்தப் பக்கம் நடந்ததும் இந்தப் பக்கம் நடந்ததும் இவ்வளவு ஒத்துப்போகும் என்று யாராவது சொல்லியிருந்தால் நான் நம்பியிருக்க மாட்டேன்.

பானையில் இன்னும் சோறு இருந்தது. "எனக்கும் கொஞ்சம் போடுதியா, பேச்சி?" என்றேன். அந்த ஒரு வாய்ச் சோற்றில் எல்லாவற்றையும் கழுவிக்கொண்டுவிடலாம் என்று ஒரு நினைப்பு.

பேச்சி பானையை மூடினாள். "இது பிள்ளையளுக்கு அளந்து போட்டது. வெளியாளுக்குப் போடப்படாது. ஒங்க வீட்டுலதான் விருந்து நடக்கப்போவுதே."

கோபமாகச் சொல்லவில்லை. ஆனால் மூடிய மூடியின்மேல் அவள் கை இருந்தது.

"அன்னைக்கி ஆபீசர்ட்ட நான் சொன்னது பொய், பேச்சி."

"எனக்குத் தெரியாதாக்கும்? ஒன் பக்கத்துலதான இருந்து தின்னேன்." முதல் தடவையாக 'ஒன்' என்றாள். கையைக் கழுவிச் சேலையில் துடைத்தாள். "எங்கிட்டச் சொல்லி என்ன செய்ய? அம்மைட்ட வந்து சொல்லு."

5

வாய்க்கால் பாலத்தைத் தாண்டி அவள் பின்னால் நடந்தேன். காலனிக்குள் என் வாழ்நாளில் நான் போனது அதுதான் முதல் தடவை. பாலத்திலிருந்து மொத்தம் நூறு அடி தூரம் இருக்கும்.

இசக்கியம்மாள் கட்டிலில் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். பார்வை மங்கிவிட்டதாம், விரலால் தடவித்தான் காம்பைக் கிள்ளினார்.

"யாரு, பேச்சி?"

"வாத்தியாரு மவ வந்துருக்கா. ஒங்கிட்ட ஒரு விசயம் சொல்லணுமாம்."

நான் தரையில் உட்கார்ந்து சொன்னேன். அவர் கை நின்றது.

"புழுன்னு சொன்னது நீதானா?"

"நான்தான்."

"பேச்சி ஒரு நாளும் யாரு சொன்னான்னு சொல்லல. எத்தன தடவையோ கேட்டிருக்கேன். மத்த பிள்ளையளும் பயந்து வாயத் தொறக்கல." மகள் இருந்த திசையைப் பார்த்தார். பேச்சி வாசலில் சாய்ந்து நின்றாள். "புழு கெடக்கலம்மான்னு மட்டும் சொன்னா. பிள்ள அம்மைக்காகச் சொல்லுதுன்னு நெனச்சேன்."

அவரே தொடர்ந்தார். "ஒருவேள கெடந்திருக்குமோன்னு ஒரு எண்ணம் விடவே இல்ல. அங்கன போன பெறவும் அரிசிய மூணு தடவ பொடைப்பேன், நாலு தடவ கழுவுவேன். கூட வேல பாத்தவுக சிரிப்பாவ. கண்ணு மங்கின பெறவும் வீட்டுல ஒல வைக்கையில வெரலால தடவித் தடவிப் பாப்பேன். இன்னைக்குங்கூட." என் பக்கம் திரும்பினார். "கெடக்கலையா?"

"கெடக்கல."

"ஒண்ணுகூட?"

"ஒண்ணுகூட இல்ல."

அவர் அழவில்லை. மூச்சை இழுத்து விட்டார். நான்தான் அழுதேன். அழுவதற்கு எனக்கு என்ன இருக்கிறது என்று எனக்கே கூச்சமாக இருந்தது.

"அப்ப ஏன் சொன்ன?"

"அப்பா சொல்லச் சொன்னாவ."

"வாத்தியாரா." தலையை ஆட்டினார். "சரி, எனக்குச் சொல்லிட்ட. ஒந் தெருவுல சொல்லுவியா? இன்னும் அங்கன, புழுப் போட்டுச் சமைச்சவன்னுதான் எம் பேரு."

"சொல்லுதேன்" என்றேன்.

இரண்டு நாள் கழித்து நினைவுநாள். பந்தலில் அறுபது எழுபது பேர். அப்பாவின் படத்துக்குச் சம்பங்கி மாலை. சாப்பாட்டுக்கு முன் அண்ணன் ஒலிபெருக்கியை என் கையில் கொடுத்தான். "தூரத்துல இருந்து வந்துருக்க. அப்பாவப் பத்தி நாலு வார்த்த சொல்லு."

அதைவிட நல்ல சமயம் வாய்க்காது. ஊர் முழுக்க அங்கே இருந்தது. அன்று வேப்பமரத்தடியில் என்னோடு தூக்குவாளியைத் திறந்தவர்கள் இப்போது பேரன் பேத்தியோடு முன்வரிசையில் இருந்தார்கள். வாயைத் திறந்தேன். அப்பா எத்தனை பேரைப் படிக்க வைத்தார் என்று சொன்னேன். சும்மா பாடம் சொல்லித் தந்ததைச் சொன்னேன். அவர் கணக்குப் போடும்போது சுண்ணாம்புக்கட்டியைப் பிடிக்கும் விதத்தைச் சொன்னேன். சிலர் கண்ணைத் துடைத்தார்கள். ஒலிபெருக்கியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு இலையில் உட்கார்ந்தேன்.

நன்றாகப் பேசினாய் என்று எல்லோரும் சொன்னார்கள்.

அதற்கு மறுநாள் கிளம்பினேன். காரை வாய்க்கால் பாலத்து வழியாக விட வேண்டாம், ஆற்றுப் பாதையாகப் போங்கள் என்று ஓட்டுநரிடம் நானே சொன்னேன்.

6

திரும்பி வந்ததும் மாயாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். நடுவில் எனக்குத் தமிழில் போதாமல் ஆங்கிலத்துக்கும், ஆங்கிலத்தில் போதாமல் தமிழுக்கும் மாறி மாறிப் போனேன். அவள் கேட்டுவிட்டு, "என்னிடம் இல்லை என்று சொன்னாயே" என்றாள். அவ்வளவுதான். அடுத்த வருஷம் அவள் கல்லூரிக்குப் போய்விடுவாள். அம்மா என்றால் அவளுக்கு எது நினைவிருக்கும் என்று யோசிக்கிறேன்.

பள்ளி வாரியத்துக்குக் கடிதம் எழுதினேன். பிப்ரவரியில் நான் பேசியதைத் திரும்பப் பெற விரும்புகிறேன் என்று. மூன்று வாரம் கழித்துப் பதில் வந்தது. பதிவேட்டில் ஏறிய பேச்சை நீக்க விதி இல்லை, திருத்தம் இருந்தால் பொதுக் கூட்டத்தில் மூன்று நிமிடம் பேசலாம், படிவம் இணைக்கப்பட்டுள்ளது. படிவத்தில் 'பேசும் பொருள்' என்று ஒரு கட்டம். அதில் என்ன எழுதுவது என்று வெகுநேரம் தெரியவில்லை. கடைசியில், நான் சொன்ன பொய் என்று எழுதினேன்.

அக்டோபர் கூட்டத்தில் பேசினேன். முக்கிய விஷயம் பேருந்துகளுக்கு டயர் வாங்குவது. கூடத்தில் எட்டுப் பேர். டோரீனிடம் முன்பே சொல்லியிருந்தேன்; வந்திருந்தாள். மாயா அவள் பக்கத்தில். பேருந்து நேரமும் தூக்கமும் காரணமில்லை, என் மகள் தெற்குப் பக்கத்துப் பிள்ளைகளோடு உட்காரக்கூடாது என்று நினைத்தேன், அதுதான் காரணம் என்று சொன்னேன். சிறு வயதில் எங்கள் ஊரில் நான் செய்ததையும் சொல்ல ஆரம்பித்தேன். சிவப்பு விளக்கு வந்துவிட்டது. தலைவர் நன்றி சொல்லி அடுத்த பெயரைக் கூப்பிட்டார்.

வெளியே வண்டி நிறுத்துமிடத்தில் டோரீன் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "இதை அன்றைக்குச் சொல்லியிருந்தால் என்று யோசித்துக்கொண்டிருந்தேன்" என்றாள்.

"என்ன மாறியிருக்கும்?"

"உனக்குத் தெரியாதா? ஒரு ஓட்டில்தான் தோற்றோம்."

எனக்குத் தெரியாது. ஜெயித்த அன்று எத்தனைக்கு எத்தனை என்று நான் கேட்கவே இல்லை.

இந்தக் குறிப்பை எழுதப் போகிறேன் என்று அண்ணனிடம் சொன்னேன். "செத்துப் போன மனுசன் பேரக் கெடுக்காத" என்றான். அப்பா பெயரை எழுத மாட்டேன், என் பெயரைத்தான் எழுதுவேன் என்றேன். அன்றைக்குப் பிறகு அவன் கூப்பிடவில்லை.

நேற்றுக் காலை பேச்சிக்குத் தொலைபேசி போட்டேன். அங்கே சாயங்காலம். பின்னால் பிள்ளைகள் விளையாடும் சத்தம் கேட்டது. பந்தலில் சொல்லவில்லை என்று சொன்னேன்.

"தெரியும். அங்கன எச்சி எல எடுத்தவ எங்க மதினிதான். வாத்தியாரப் பத்தி நல்லாப் பேசுனியாம்."

பத்திரிகைக்கு எழுதி அனுப்புவதாகச் சொன்னேன். அம்மாவுக்கு வாசித்துக் காட்டுவதாகச் சொன்னாள். அப்புறம் கேட்டாள்: "ஒந் தெருவுல யாரு இத வாசிப்பா?"

அண்ணன் வாசிக்க மாட்டான் என்றேன்.

"நாலு பொஸ்தகம் கூட அனுப்பு. நானே வீடு வீடாக் கொண்டுபோய்ப் போடுதேன்."

"வேண்டாம் பேச்சி. நான் வாரேன். லீவு கெடச்சதும் வந்து, நானே ஒவ்வொரு வீடாப் போய்ச் சொல்லுதேன்."

மறுமுனையில் பேச்சி பிள்ளைகளைச் சத்தம் போடாமல் விளையாடச் சொன்னாள்.

"அம்மைக்கு எழுவத்தஞ்சு முடியப் போவுது" என்றாள். "பையப் பைய வராத, ஏட்டி."